தாத்தா ரத்தமா, வீட்டு வளர்ப்பா?

நம் மொரிஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு இளம் தாய் கேட்டிருப்பது இது: "என் பையனுக்கு எட்டு வயது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்து கையை ஓங்குகிறான். பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். என் மாமனார் குடித்துவிட்டு வீட்டில் எல்லோரையும் அடித்தவர். இவன் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். 'தாத்தா ரத்தம் ஓடுது, இவனை மாத்த முடியாது' என்று மாமியாரே சொல்கிறார். இவன் தங்கைக்கு ஆறு வயது. அதே வீடு, அதே சோறு, ஆனால் அவள் பரம சாது. அப்படியானால் எல்லாம் பிறப்பிலேயே வந்துவிடுகிறதா? வளர்ப்பால் ஒன்றும் ஆகாதா?"

தங்கச்சி, நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். குணத்தில் மரபுக்குப் பங்கு உண்டு என்று உங்கள் மாமியார் நினைப்பது சரி. அதனால் மாற்ற முடியாது என்பது தவறு. முதலாவது உண்மையாக இருந்தாலும் அதிலிருந்து இரண்டாவது கிடைக்காது. நம் வீடுகளில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம், அவ்வளவுதான். பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். ரத்தம் என்று சொல்லி ஒரு பிள்ளையை எட்டு வயதிலேயே கைவிடுவதைக் கேட்கும்போது எனக்கு மனசு தாங்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்த விஷயத்தில் உலகம் முழுக்க எடுத்துக்காட்டும் ஆராய்ச்சிகளில் ஒன்று உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், வாக்வாவிலும் காத்ர் போர்னிலும் நடந்தது. நம் ஆட்களில் பலருக்கு அது தெரியாது.

அதற்கு முன் மரபைப் பற்றி. ஒரு குடும்பத்தைப் பார்த்து மட்டும் எது பிறப்பு, எது வளர்ப்பு என்று பிரிக்கவே முடியாது. அப்பா தன் பிள்ளைக்கு மரபணுவையும் கொடுக்கிறார், வீட்டையும் கொடுக்கிறார். குடிப்பவரின் மகன் குடித்தால் அது உடம்பில் வந்ததா, கண்ணால் பார்த்து வந்ததா? இரண்டும் ஒரே கதவு வழியாகத்தான் வருகின்றன. அதனால் ஆராய்ச்சியாளர்கள் இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் தேடிப் போனார்கள். ஒருகரு இரட்டையர்களுக்கு மரபணு முழுக்க ஒன்று. இருகரு இரட்டையர்கள் சாதாரண அண்ணன் தம்பி மாதிரி, ஆளுக்கு ஆள் மாறும் மரபணுக்களில் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். இரண்டு ஜோடியும் ஒரே வீட்டில்தான் வளர்கின்றன. முதல் ஜோடி இரண்டாவதைவிடக் குணத்தில் அதிகம் ஒத்துப்போனால் அந்தக் கூடுதல் ஒற்றுமைக்கு மரபு காரணம் என்று கணக்கிடலாம். இப்படி நடந்த 2,748 ஆய்வுகளை, சுமார் 1 கோடியே 45 லட்சம் இரட்டையர் ஜோடிகளின் தரவுகளை, 2015ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உயரத்திலிருந்து மனச்சோர்வு வரை எல்லாவற்றையும் சேர்த்து, மனிதர்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் மரபின் பங்கு சராசரியாக 49 சதவீதம் என்று வந்தது. கோபம், முரட்டுத்தனம் எல்லாம் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஆக, மரபே இல்லை, எல்லாம் பெற்றோர் தப்பு என்று யாராவது உங்களைக் குற்றம் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

தத்துப் பிள்ளைகள் ஆய்வில் ஒன்று உங்கள் கேள்விக்கு ரொம்ப நெருக்கமானது. டென்மார்க்கில் 1924 முதல் 1947 வரை தத்துக் கொடுக்கப்பட்ட 14,427 பேரின் நீதிமன்றப் பதிவுகளை சார்நாஃப் மெட்னிக் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் ஆராய்ந்து 1984ல் வெளியிட்டார்கள். பெற்றவர்களும் வளர்த்தவர்களும் தண்டனை பெறாதவர்களாக இருந்தால் மகன்களில் 13.5 சதவீதம் பேர் குற்றத்தில் சிக்கினார்கள். பெற்றவர் மட்டும் தண்டனை பெற்றவராக இருந்தால் 20 சதவீதம். அந்தப் பெற்றவரை இந்தப் பிள்ளைகள் வீட்டில் பார்த்து வளரவில்லை. அப்படியும் ஏதோ ஒன்று வந்திருக்கிறது. ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள். குற்றம் செய்தவருக்குப் பிறந்து வேறு வீட்டில் வளர்ந்தவர்களில் 80 சதவீதம் பேர் எந்த வழக்கிலும் சிக்கவில்லை. இன்னொன்று: இந்தத் தொடர்பு திருட்டு மாதிரியான சொத்துக் குற்றங்களில்தான் தெரிந்தது. அடிதடிக் குற்றங்களில் தெளிவாகத் தெரியவில்லை. ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனாலும் 'தாத்தா அடித்தார், பேரன் அடிப்பான்' என்று அடித்துச் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இப்போது அந்த 49 சதவீதம். இந்த எண்ணை எல்லோரும் தப்பாகவே படிக்கிறார்கள். என் பையன் கோபத்தில் பாதி தாத்தாவுடையது, பாதி நான் வளர்த்த விதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர்க் கரும்பை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை, கரணை வெட்டி நடுகிறோம். ஒரே ரகத்தின் கரணைகள் எல்லாம் மரபில் அச்சு அசல் ஒன்று. ஒரு வயல் முழுக்க ஒரே ரகத்தை நட்டால் தண்ணீர் தேங்கும் மூலையில் ஒரு மாதிரியும், பாறை நிறைந்த மூலையில் வேறு மாதிரியும் வளரும். அந்த வயலில் உயர வித்தியாசத்துக்கு மரபின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் பூஜ்யம். மரபில் வித்தியாசமே இல்லையே. இனி பத்து ரகங்களை எடுத்து, மண், நீர், உரம் எல்லாவற்றையும் துல்லியமாகச் சமமாக்கி நடுங்கள். இப்போது உயர வித்தியாசம் முழுக்க மரபால் வந்தது, 100 சதவீதம். கரும்பு மாறவில்லை, மண்ணிலிருந்து உயிர் எடுக்கும் விதமும் மாறவில்லை. வயலை ஏற்பாடு செய்த விதம்தான் மாறியது. அந்த எண் ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசங்களைப் பற்றியது. ஒரு தனிப் பிள்ளையை இரண்டு துண்டாகப் பிரிக்கும் கத்தி அது இல்லை.

இதே வாதத்தை மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் 1970ல் விதைகளை வைத்து இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். பல ரகம் கலந்த ஒரே மூட்டையிலிருந்து இரண்டு கைப்பிடி எடுத்து, ஒன்றை நல்ல மண்ணிலும் ஒன்றைச் சத்தில்லாத மண்ணிலும் போட்டால், ஒவ்வொரு நிலத்துக்கு உள்ளேயும் வித்தியாசம் முழுக்க மரபால் வந்திருக்கும், ஆனால் இரண்டு நிலத்துக்கும் இடையிலான வித்தியாசம் முழுக்க மண்ணால் வந்திருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் தீவில் 'அந்தச் சமூகத்து ஆட்கள் அப்படித்தான்' என்ற பேச்சைக் கல்யாண வீட்டிலும் கேட்கிறோம், தேர்தல் நேரத்திலும் கேட்கிறோம். ஒரு குணத்துக்கு மரபுப் பங்கு உண்டு என்பதை வைத்துக்கொண்டு இரண்டு சமூகங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மரபு என்று சொல்லவே முடியாது. கணக்கு அப்படி வேலை செய்வதில்லை.

மரபில் வந்தது மாறாது என்ற எண்ணத்தை உடைக்க மருத்துவத்தில் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. ஃபீனைல்கீட்டோனூரியா என்று ஒரு பிறவிக் குறை. ஒரே ஒரு மரபணுவில் இருக்கும் கோளாறு, முழுக்க முழுக்கப் பரம்பரையாக வருவது. சாப்பாட்டில் இருக்கும் ஃபீனைல்அலனின் என்ற பொருளை உடம்பால் சிதைக்க முடியாமல் அது சேர்ந்துபோய் மூளை வளர்ச்சி பாதிக்கும். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி என்பவர் குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் இதைக் கண்டுபிடிக்க வழி செய்தார். கண்டுபிடித்ததும் அந்தப் பொருள் குறைவான உணவைக் கொடுத்தால் குழந்தை நன்றாகவே வளர்கிறது. மரபணு அப்படியே இருக்கிறது, விளைவு வரவில்லை. இங்கேயே ஒன்று பார்த்தோம். ரத்தக் கொழுப்பின் அளவுக்குப் பரம்பரைப் பங்கு நன்றாகவே உண்டு. 1987ல் அரசு, ரேஷன் சமையல் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றியது. 1992ல் அளந்தபோது தீவின் சராசரி கொலஸ்ட்ரால், லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. ஐந்து ஆண்டில் யாருடைய பரம்பரையும் மாறவில்லை.

சரி, உடம்பு வேறு, குணம் வேறு என்பீர்கள். அதற்குத்தான் வாக்வா கதை.

சுதந்திரம் கிடைத்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1972ல் பீட்டர் வெனபிள்ஸ் என்ற ஆங்கிலேய உளவியலாளரும், மேலே சொன்ன அதே மெட்னிக்கும் இங்கே வந்து ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார்கள். நம் ஊர்க்காரரான சிரில் டாலேயும் அதில் முக்கியமாகப் பங்கெடுத்தார். பிற்பாடு ஏட்ரியன் ரெய்ன் என்ற உளவியலாளரும் சேர்ந்தார். வாக்வாவிலும் காத்ர் போர்னிலும் 1969, 1970 ஆண்டுகளில் பிறந்த 1,795 பிள்ளைகளை மூன்று வயதில் பரிசோதித்தார்கள். இந்து, முஸ்லிம், கிரியோல், சீனர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், தமிழ் வீட்டுப் பிள்ளைகளும்தான். இதயத்துடிப்பை எண்ணினார்கள். விரலில் மின்முனை வைத்து வியர்வையின் ஏற்ற இறக்கத்தை அளந்தார்கள். அப்புறம் விடவில்லை. 8, 11, 17, 23 வயது என்று தொடர்ந்து பார்த்தார்கள்.

முதலில் உங்கள் மாமியார் பக்கம் பேசும் முடிவுகள். மூன்று வயதில் சும்மா இருக்கும்போது இதயத்துடிப்பு குறைவாக இருந்த பிள்ளைகள் பதினோரு வயதில் மற்றவர்களைவிட அதிகம் முரட்டுத்தனம் காட்டினார்கள். இன்னொரு சோதனையில் ஒரு குறிப்பிட்ட ஒலி கேட்டதும் பெரிய இரைச்சல் வரும். சில தடவைக்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகளின் கையில் அந்த ஒலி கேட்டதுமே வியர்வை துளிர்க்கும், இரைச்சலை எதிர்பார்த்து. சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. 23 வயதில் நீதிமன்றப் பதிவுகளைப் பார்த்தபோது குற்றத்தில் சிக்கியிருந்த 137 பேரை, அவர்களைப் போலவே பின்னணி கொண்ட 274 பேரோடு ஒப்பிட்டார்கள். குற்றத்தில் சிக்கியவர்களிடம் மூன்று வயதில் அந்த எச்சரிக்கை உணர்வு ஒரு குழுவாகவே காணப்படவில்லை. மூன்று வயதுக் குழந்தை! அந்த வயதில் எந்தக் கெட்ட சகவாசம்? இதையெல்லாம் மறைத்து, எல்லாம் வளர்ப்புதான் என்று சொல்வது நேர்மை ஆகாது. சில பிள்ளைகளின் நரம்பு மண்டலம் தண்டனைக்குப் பயப்படுவதில் மெதுவாக இருக்கிறது. சிலருடையது சட்டென்று கொதித்துவிடுகிறது. இதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. கருவில் கிடைத்த ஊட்டம், பிரசவத்தில் வந்த சிக்கல் இவற்றுக்கும் உண்டு. பிறக்கும்போது இருப்பதெல்லாம் பரம்பரை என்று ஆகிவிடாது என்பதையும் கவனியுங்கள்.

பரம்பரையாக வருவது என்ன என்று இப்போது தெரிந்திருக்கும். அடிப்பது வராது. தங்கையை அடி என்று சொல்லும் மரபணு எங்கேயும் இல்லை. வருவது உடம்பின் போக்கு: எவ்வளவு சீக்கிரம் சூடாகும், எவ்வளவு நேரம் பொறுக்கும், புதிதைப் பார்த்தால் பாயுமா ஒதுங்குமா. அதே துணிச்சல் ஒரு வீட்டில் மலையேறுபவனையும், கடலில் முங்கி மீன் பிடிப்பவனையும் உண்டாக்கும். இன்னொரு வீட்டில் தெருச் சண்டைக்காரனை உண்டாக்கும். இதே வாக்வா ஆய்வில், மூன்று வயதில் புதியவற்றைத் தேடித் தேடிப் போன பிள்ளைகள் பதினோரு வயதில் அறிவுத்திறன் சோதனையில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள் என்பதும் வந்திருக்கிறது. அடங்காத பிள்ளை என்று நாம் பெருமூச்சு விடும் அதே சுபாவம்தான்.

இனி மறுபக்கம். அந்த 1,795 பேரில் 100 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து இரண்டு மழலையர் பள்ளிகளில் சேர்த்தார்கள். மூன்று வயது முதல் ஐந்து வயது வரை, இரண்டு ஆண்டு. அந்தக் காலத்தில் மற்றப் பிள்ளைகள் போன பெத்தித் எக்கோல் என்ற சாதாரண மழலையர் பள்ளி எப்படி இருந்தது? ஒரு ஆசிரியைக்கு 30 பிள்ளைகள், எழுத்தும் எண்ணும் ஒப்பிப்பது, சாப்பாடு கிடையாது, பால் கிடையாது. மதியம் வீட்டிலிருந்து கொண்டுபோன சோறோ ரொட்டியோதான். இந்த இரண்டு பள்ளிகளில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை. தினமும் பால், பழச்சாறு, சூடான சாப்பாடு, அதில் மீனோ கோழியோ ஆட்டுக்கறியோ, கூடவே பச்சைக் காய்கறி. மதியத்துக்கு மேல் உடற்பயிற்சியும் வெளி விளையாட்டும். மருத்துவப் பரிசோதனை. கை கழுவுவதிலிருந்து பொம்மை பகிர்வது வரை சொல்லிக் கொடுத்தார்கள். ஆசிரியைகளுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவ்வளவுதான். வெளிநாட்டு மருந்து எதுவும் இல்லை.

பள்ளி முடிந்து ஆறு ஆண்டு கழித்து, பதினோரு வயதில், அந்தப் பிள்ளைகளின் மூளை மின் அலைகளின் பதிவுகளில் விழிப்பும் கவனமும் கூடியிருந்தன. பதினேழு வயதில் ஊர்வம்பு, அடாவடி எல்லாம் குறைவாக இருந்தது. இருபத்து மூன்று வயதில் தாங்கள் செய்த குற்றங்களை ரகசியமாகச் சொல்லச் சொன்னபோது, சாதாரணப் பள்ளிக்குப் போனவர்களில் 36.1 சதவீதம் பேர் ஏதாவது செய்ததாகச் சொன்னார்கள். இந்தப் பள்ளிகளுக்குப் போனவர்களில் 23.6 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, அதுவும் பள்ளி முடிந்து பதினெட்டு ஆண்டு கழித்து. நீதிமன்றத் தண்டனை 9.9க்கு எதிராக 3.6 சதவீதம். இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே எடுக்க வேண்டும், பிள்ளைகள் தொகை சிறியது, தற்செயலாகவும் வந்திருக்கலாம். பலன் தந்தது மீனா, விளையாட்டா, ஆசிரியையின் கவனமா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டார்களே.

என்னை நெகிழ வைத்தது வேறொன்று. மூன்று வயதில் மருத்துவர்கள் சத்துக்குறைவின் அடையாளங்களைக் குறித்து வைத்திருந்தார்கள்: வாயோரத்தில் வெடிப்பு, செம்பட்டை பாய்ந்த முடி, அடர்த்தி குறைந்த முடி, ரத்தசோகை. இந்த அடையாளங்கள் இருந்த பிள்ளைகள் எட்டு வயதிலும் பதினோரு வயதிலும் பதினேழு வயதிலும் மற்றவர்களைவிட அதிகத் தகராறு செய்தார்கள். அடையாளம் கூடக் கூடத் தகராறும் கூடியது. மூன்று அடையாளம் இருந்தவர்கள் பதினோரு வயதில் அறிவுத்திறன் சோதனையில் சராசரியாக 15 மதிப்பெண் பின்தங்கினார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றி அன்று தெருவில் என்ன சொல்லியிருப்பார்கள்? 'அப்பன் மாதிரி முரடன்', 'மண்டையில ஒண்ணும் ஏறாது, பரம்பரையே அப்படி.' பசியைப் பரம்பரை என்று சொல்லியிருப்போம். புதுப் பள்ளியால் அதிகம் பலன் பெற்றதும் இந்தப் பிள்ளைகளே. பதினேழு வயதில் நடத்தையைப் பார்த்தபோது, மூன்று வயதில் சத்துக்குறைவோடு வந்தவர்களிடம்தான் மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

தங்கச்சி, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். மரபோ, ஆரம்பக் குறையோ, பாரத்தோடு பிறந்த பிள்ளைக்குச் சூழல் குறைவாக முக்கியம் இல்லை, அதிகமாக முக்கியம். இது வாக்வாவில் மட்டும் தெரிந்த விஷயமும் இல்லை. 1982ல் வெளிவந்த சுவீடன் தத்து ஆய்வில் 862 ஆண்களைப் பார்த்தார்கள். பிறந்த வழியிலும் பிரச்சினை இல்லை, வளர்ந்த வீட்டிலும் இல்லை என்றால் சில்லறைக் குற்றத்தில் சிக்கியவர்கள் சுமார் 3 சதவீதம். வளர்ந்த வீடு மட்டும் மோசம் என்றால் 7. பிறப்பு வழி மட்டும் என்றால் 12. இரண்டும் சேர்ந்தால் 40. ஏழையும் பன்னிரண்டையும் கூட்டினால் நாற்பது வராது. இரண்டும் சேரும்போது ஒன்று மற்றதைக் கிளப்பிவிடுகிறது. அதே 1972ல் நியூசிலாந்தின் டனீடினிலும் ஒரு நீண்ட ஆய்வு தொடங்கியது. அங்கே 2002ல், மூளையில் சில ரசாயனங்களைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ.ஏ. என்ற மரபணுவின் வேகம் குறைந்த வகையைக் கொண்ட ஆண்களைப் பார்த்தார்கள். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம் அது வன்முறையாக வெளிப்பட்டது. கொடுமை இல்லாமல் வளர்ந்தவர்களிடம் அதே மரபணு இருந்தும் வெளிப்படவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் சில இதை ஆமோதித்தன, சில ஆமோதிக்கவில்லை. அதனால் ஒரு மரபணுவைக் காட்டி 'வன்முறை மரபணு' என்று பேசுபவர்களை நம்பாதீர்கள். ஒரு குணத்துக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் துளித் துளியாக வேலை செய்கின்றன.

தங்கை ஏன் சாது? அண்ணனும் தங்கையும் மரபில் பாதிதான் ஒன்று. உங்கள் மாமனாரிடமிருந்து அவனுக்கு வந்ததும் அவளுக்கு வந்ததும் ஒரே பங்கு இல்லை, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி வரும். அப்புறம், அதே வீடு என்கிறீர்கள், ஆனால் அவர்கள் அதே வீட்டில் வளரவில்லை. அவனுக்கு இரண்டு வயதில் அம்மாவின் மடியில் இன்னொரு குழந்தை வந்தது. அவளுக்கு அப்படி யாரும் வரவில்லை. அவன் கத்தினால் 'தாத்தா மாதிரி' என்கிறார்கள், அவள் கத்தினால் தூக்கம் வந்துவிட்டது என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளையின் சுபாவமே தன் சூழலை உண்டாக்குகிறது. சட்டென்று கொதிக்கும் பிள்ளை பெரியவர்களிடமிருந்து கத்தலையும் அடியையும் வரவழைக்கிறான், சாதுவான பிள்ளை முத்தத்தை வரவழைக்கிறது. அமெரிக்காவில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து இதைக் கவனித்தார். அம்மா ஒன்று சொல்கிறாள், பிள்ளை கத்துகிறான், அம்மா இன்னும் உரக்கக் கத்துகிறாள், பிள்ளை கையை ஓங்குகிறான், அம்மா சலித்துப்போய் விட்டுவிடுகிறாள். பிள்ளை கற்றுக்கொள்வது: உச்சத்துக்குப் போனால் ஜெயிக்கலாம். இன்னொரு நாள் அம்மா அடித்து அடக்குகிறாள். அம்மா கற்றுக்கொள்வது: அடித்தால்தான் கேட்பான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பாடம் நடத்துகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பரம்பரை மாதிரியே தெரியும். இந்தச் சுற்று பெரியவர் பக்கத்திலிருந்துதான் உடையும், எட்டு வயதுப் பிள்ளையால் உடைக்க முடியாது.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அவர் அந்த அடியைப் பார்த்து வளர்ந்தவர். கோபம் வந்தால் என்ன செய்வது என்று அவருக்கு வீட்டில் கிடைத்த பாடம் ஒன்றுதான். உங்கள் பையன் தாத்தாவைப் பார்த்ததே இல்லை, ஆனால் தாத்தாவின் வழக்கம் அப்பாவின் கை வழியாக வந்து சேரலாம். அதற்கு மரபணு தேவையே இல்லை. உங்கள் வீட்டில் அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடந்தால் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான். நம் நாட்டில் 2020ல் நிறைவேறி 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த பிள்ளைகள் சட்டம் அடித்துத் தண்டிப்பதைத் தடை செய்திருக்கிறது, வீட்டிலும் சேர்த்து. உங்கள் மாமியாரையும் பரிவோடு பாருங்கள். அந்த அடியை வாங்கியவர் அவர்தான். பேரன் கையை ஓங்கும்போது அவர் கண்ணுக்கு வேறு யாரோ தெரிகிறார். அவரோடு வாதாடி ஜெயிக்க வேண்டாம். பையன் காதுபட அதைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். என்னால் மாறவே முடியாது என்று நம்பும் பிள்ளை முயற்சியே செய்ய மாட்டான்.

குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடிக்கு அடிமையாவதில் மரபின் பங்கு ஏறக்குறையப் பாதி என்று ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் பையன் பதினைந்து வயதை நெருங்கும்போது இது முக்கியம். அவனுக்குத் தாத்தாவின் கதையைப் பயமுறுத்தாமல், மறைக்காமல் சொல்லுங்கள். நம் குடும்பத்து உடம்புக்கு இது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், நீ தள்ளியே இரு என்று. முதல் கிளாஸ் எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு நல்லது. காவடிக்கு விரதம் இருக்கும் பத்து நாளும், வருடம் முழுக்க ரம்மை விடாத ஆட்கள்கூட ஒரு சொட்டுத் தொடாமல் இருப்பதைக் கோவிலில் பார்த்திருப்பீர்கள். வீடும் தெருவும் கோவிலும் ஒரே பக்கம் நிற்கும்போது மனிதனால் எவ்வளவு முடிகிறது என்பதற்கு நாம் வேறு நாட்டு ஆய்வைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இனி நாளையிலிருந்து என்ன செய்வது? பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். காலையில் வெறும் டீயோடு அனுப்பாதீர்கள், முட்டையோ பருப்போ மீனோ உள்ளே போகட்டும். ஒமேகா-3 மாத்திரை கேட்டுப் பார்மசிக்கு ஓட வேண்டாம். இங்கேயே 200 பிள்ளைகளிடம் செய்து 2015ல் வெளியான சோதனையில் பெற்றோர் நல்ல மாற்றம் சொன்னார்கள், ஆனால் பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொன்னதில் அது தெரியவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன் குழம்பு போதும். தூக்கத்தைக் கவனியுங்கள், எட்டு வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது வேண்டும், படுக்கையில் போன் கூடாது. உடம்பு களைக்கிற மாதிரி தினமும் விளையாட வேண்டும், கால்பந்தோ நீச்சலோ அவனுக்குப் பிடித்தது. காதையும் கண்ணையும் ஒரு தடவை பரிசோதியுங்கள். சரியாகக் கேட்காத பிள்ளையை நாம் அடங்காத பிள்ளை என்று நினைத்துவிடுகிறோம். தினமும் பத்து நிமிடம் அவன் சொல்லும் விளையாட்டை, அவன் சொல்லும் விதத்தில், குறை சொல்லாமல் அவனோடு விளையாடுங்கள். கோபத்தை அடக்கிய சின்னச் சின்ன நேரங்களைப் பார்த்து அப்போதே சொல்லுங்கள்: 'தங்கை பென்சிலை எடுத்தபோது நீ அடிக்காமல் என்னைக் கூப்பிட்டாயே, பார்த்தேன்.' விதி இரண்டோ மூன்றோ போதும். மீறினால் என்ன ஆகும் என்பது முன்பே தெரிந்திருக்கட்டும், டிவி இல்லை என்றால் அன்று டிவி இல்லைதான், கத்தினாலும் இல்லை. முதல் சில வாரம் கத்தல் கூடும். பழைய வழி பலிக்குமா என்று சோதித்துப் பார்க்கிறான். அந்த வாரங்களில் தளர்ந்துவிடாதீர்கள். கணவரும் மாமியாரும் அதே விதியைப் பிடிக்க வேண்டும், ஒருவர் இறுக்கி ஒருவர் தளர்த்தினால் ஒன்றும் நடக்காது.

ஆசிரியையிடம் போய் எந்த நேரத்தில், யாரோடு, எதற்குப் பிறகு அடிக்கிறான் என்று கேட்டு எழுதி வையுங்கள். பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியும்: பசி நேரமா, கணக்குப் பாடமா, ஒரு குறிப்பிட்ட பையனின் கேலியா. மூன்று நான்கு மாதம் இப்படிச் செய்தும் குறையவில்லை என்றாலோ, மிருகங்களைத் துன்புறுத்துவது, தீ வைப்பது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது மாதிரி ஏதாவது கண்டாலோ, காத்திருக்காமல் பிள்ளைகள் உளவியலாளரிடம் காட்டுங்கள். அங்கே போகும்போது தாத்தாவைப் பற்றியும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவர்களுக்கு அது தேவைப்படும் தகவல். கர்ப்ப காலத்தில் உங்களுக்கு ஏதாவது சிக்கல் இருந்ததா, பிரசவம் எப்படி நடந்தது, எந்த வயதில் பேசத் தொடங்கினான் என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள்.